அனுப்புநர் முகவரி

மூங்கில்துறைப்பட்டு
2.9.1990

அன்புள்ள தம்பி அய்யப்பனுக்கு அண்ணன் பிச்சைமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி காசியம்மாளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் ஜெயசுதாவும் மகள் இசைவாணியும் எப்படி இருக்கிறீர்கள்?

இது சைக்கிள் கடை தங்கதுரை எழுதித் தந்த கடிதம் இல்லை. நானே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தங்கதுரையின் எழுத்து சாய்ந்துகொண்டு போகும். என்னுடையது நிமிர்ந்து நிற்கிறது. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் உன் பெயரை எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தை மாதத்தில் பால்வாடியில் முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பித்தார்கள். ஜெயம்மாள் மகள் செந்தமிழ்ச்செல்விதான் டீச்சர். பிளஸ் டூ முடித்த பெண். ஆரம்பத்தில் என்னைப் பார்த்து, “மேஸ்திரி, அது பலப்பம். அருவாளு இல்ல. கொஞ்சம் மெதுவாப் புடிங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷம் கரும்பு வெட்டின கைக்கு மெதுவாகப் பிடிப்பதுதான் கஷ்டம். அறுபத்திரண்டு வயதில் எட்டு மாதத்தில் வந்துவிட்டது.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, பஸ் போர்டு, மாத்திரை அட்டை எதையும் விடுவதில்லை. சர்க்கரை ஆலையில் எடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. இருபது வருஷமாக அதன் வழியாகத்தான் போகிறேன். அதன்மேல் ‘இவ்வழியே வரக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. வாட்ச்மேனிடம் சொன்னேன். “இப்பத்தான் தெரிஞ்சுதா? இனிமே சுத்திக்கினு போ” என்றான். படித்ததில் வந்த ஒரே நஷ்டம் அதுதான்.

நீ டில்லியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் என்ன வேலை என்று செல்வி கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புரிகிற மாதிரி எழுது. நானே படிப்பேன்.

உன் அண்ணன்,
கா. பிச்சைமுத்து
(இது கையெழுத்து. ரேகை இல்லை.)


புதுடில்லி
16.9.1990

அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம். நாங்கள் மூவரும் நலம். அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை ஆபீஸ் வராந்தாவிலேயே நின்று படித்தேன். பிறகு வீட்டில் ஜெயசுதாவுக்கும் படித்துக் காட்டினேன். கதவு விஷயத்துக்கு அவள் வெகுநேரம் சிரித்தாள்.

என் வேலை இதுதான். நான் 1968-ல் இங்கே வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கும். அட்டையில் ஓட்டை போட்டுத்தான் அதற்கு வேலை சொல்ல வேண்டும். ஓர் ஓட்டை தவறினாலும் மறுநாள்தான் தெரியும். இப்போது மெஷின் மேசைமேல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஊகித்துச் செய்யத் தெரியாது. சொன்னதைத்தான் செய்யும். அப்படிச் சொல்வதற்கென்று தனி மொழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பதினொரு வருஷமாக நான் உருவாக்கிவருகிறேன். எழுதுகிறவர் தப்பாகச் சொல்லியிருந்தால், மெஷின் அதைச் செய்யத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்து நிறுத்திவிடும். என் மொழியின் சிறப்பு அவ்வளவுதான். ஆனால் அதைச் சரியாகச் செய்ய அத்தனை வருஷம் தேவைப்பட்டது.

வருஷக் கடைசியில் எங்கள் பிரிவுக்குப் புதுத் தலைவர் வரவேண்டும். எனக்குக் கிடைக்கலாம் என்கிறார்கள். கிடைத்தால் என் மொழி பல ஆபீஸ்களுக்குப் போகும். வேறு யாராவது வந்தால் கிடப்பில் போட்டுவிடக்கூடும்.

டில்லியில் கொஞ்சம் கலாட்டா. பஸ் ஒழுங்காக ஓடுவதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

தம்பி,
அய்யப்பன்


மூங்கில்துறைப்பட்டு
3.10.1990

அன்புள்ள தம்பிக்கு, இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்கு வலி கம்மியாகியிருக்கிறது. மழை பெய்கிறது. கரும்பு நன்றாக நிற்கிறது.

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து காசியிடம் சொன்னேன். “அந்தப் பாஷைய யாரு பேசுவாங்க?” என்று கேட்டாள். யாரும் பேச மாட்டார்கள் என்றேன். “பேசாத பாஷைக்குப் பதினோரு வருஷமா? உன் தம்பி சின்னதுலேயே அப்படித்தான். ஒரு வாய் சோத்த ஒரு மணி நேரம் துண்ணும்” என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. வெட்ட வேண்டிய வயல் எது, வேண்டாத வயல் எது என்று சரியாகச் சொல்லாமல் அருவாளைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தலைவர் வேலை உனக்கே வர வேண்டும்.

போன கடிதத்தின் பின்பக்கத்தைச் செல்வி எழுதித் தந்தது. வெறும் ஊர்ப் பெயர்தான் போட்டது. இந்த முறை அனுப்புநர் முகவரியை நானே எழுதியிருக்கிறேன். முகவரி முழுமையாக இருக்க வேண்டும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நம் தெரு முனையில் இருக்கிற அரசாங்க போர்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆதிதிராவிடர் காலனி. பெரிய எழுத்தாக. நன்றாக வந்திருக்கிறது, பார்.

வேலை ஒதுக்கீட்டுக்கு எதிராக டில்லியில் படிக்கிற பிள்ளைகள் உயிரை விடுவதாக ரேடியோவில் சொன்னார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் பக்கம் ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அங்கே வேண்டாம் என்கிறார்கள். உன் ஆபீஸில் உன்னை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? மறைக்காமல் எழுது.

உன் அண்ணன்,
கா. பிச்சைமுத்து


புதுடில்லி
14.10.1990

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆபீஸில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சின்ன விஷயம். எங்கள் பிரிவின் தபால்களை ராஜாங்கம் என்பவர் எடுத்துவந்து கொடுப்பார். தஞ்சாவூர்க்காரர், எனக்கு அடுத்த நிலையில் இருக்கிறவர். இங்கே என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடிதத்தின் பின்பக்கத்தில் அவ்வளவு எழுத வேண்டியதில்லை. தங்கதுரை எழுதுகிற மாதிரி ஊர்ப் பெயர் போதும். உங்களுக்கும் சிரமம் குறையும்.

தம்பி,
அய்யப்பன்


மூங்கில்துறைப்பட்டு
30.10.1990

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். இசைவாணிக்குத் தமிழ் படிக்க வருமா? வராது என்றால் சொல்லு. எங்கள் வகுப்பில் இடம் இருக்கிறது.

எனக்கு ஒரு சிரமமும் இல்லை. முகவரி எழுதுவதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ராஜாங்கத்துக்கு என் எழுத்து புரியவில்லை போலிருக்கிறது. அதனால்தான் நீ அப்படி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. இந்த முறை செல்வியிடம் ஸ்கேல் வாங்கிக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். பெயருக்குக் கீழே ‘கரும்பு வெட்டு மேஸ்திரி’ என்றும் சேர்த்திருக்கிறேன். அவர் தடங்கல் இல்லாமல் படிப்பார்.

வகுப்பில் இப்போது தினம் சாயந்திரம் பேப்பர் படிக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம். டில்லிச் செய்தியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ இருக்கிற ஊர் அல்லவா.

தலைவர் வேலை என்ன ஆயிற்று?

உன் அண்ணன்,
கா. பிச்சைமுத்து


புதுடில்லி
18.11.1990

அன்புள்ள அண்ணனுக்கு, எல்லோரும் நலம். வேலை ஜாஸ்தி.

இனிமேல் ஆபீஸுக்கு எழுத வேண்டாம். வீட்டு முகவரியைப் பின்பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். தலைவர் பதவி பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

அய்யப்பன்


வெள்ளிமலை
9.12.1990

அன்புள்ள தம்பிக்கு, கல்வராயன் மலையிலிருந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே குளிர் அதிகம். கை விறைத்துக்கொள்வதால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஆலை திறந்துவிட்டது. வெட்டுக்கு ஆள் கூட்டிப் போக வந்தேன். வருஷா வருஷம் யார் யார் வருகிறார்கள் என்று மனதில்தான் வைத்துக்கொள்வேன். இந்த வருஷம் முப்பத்திரண்டு பெயரையும் நானே எழுதினேன். கொளஞ்சியம்மாள் என்று ஒருத்தி, “என் பேரு எதுன்னு காட்டு மேஸ்திரி” என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “இம்மா நீளமா இருக்குதே, எடுத்துக்கினு எப்படி மலை எறங்குவேன்?” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

தம்பி, மலைக்கு வரும் முன்னால் தங்கதுரை கடைக்குப் போனேன். உனக்கு அனுப்பின கடிதம் மாதிரி ஒன்று எழுதிக் காட்டினேன். என் எழுத்தை அவன் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவன் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாய்யா இது, காலனின்னு போட்டுட்டியா?”

“போர்டுல அப்படித்தான எழுதியிருக்குது?”

“இப்படித்தான் தம்பிக்கும் போட்டியா?”

“ரெண்டு வாட்டி போட்டேன்.”

அவன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு சொன்னான். “டில்லிக்குக் கெளம்பற அன்னிக்கு உன் தம்பி இங்க வந்தாரு. ‘அண்ணன் லெட்டர்ல ஊர் பேரு மட்டும் எழுதுங்க, காலனின்னு எழுதாதீங்க’ன்னாரு. நானும் எழுதல. உங்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாரு. நீதான் படிக்க மாட்டியே, அதனால சொல்லல.”

இருபத்திரண்டு வருஷம் தம்பி. அத்தனை கடிதத்தையும் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் மலையில் குளிராது. என் கடிதத்தால் உனக்கு அங்கே என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுது.

உன் அண்ணன்,
பிச்சைமுத்து


மூங்கில்துறைப்பட்டு
2.1.1991

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். மலையிலிருந்து எழுதியது கிடைத்ததா? போஸ்ட்மேன் என்னைப் பார்த்தால் தூரத்திலேயே கையை ஆட்டி இல்லை என்கிறார். வெட்டு நடக்கிறது. பொங்கலுக்கு முன்னால் இரண்டு வரியாவது எழுது.

பிச்சைமுத்து


புதுடில்லி
11.1.1991

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம். பொங்கலை நீங்கள் நல்லபடியாகக் கொண்டாட வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 28-ம் தேதி எங்கள் ஆபீஸில் ஒரு மனு வந்தது. ஒதுக்கீட்டில் வருகிறவர்களால் எங்கள் ஆபீஸ் போன்ற இடங்களின் தரம் கெட்டுவிடும் என்று அதில் எழுதியிருந்தது. நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஆறாவது. போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று போட்டேன்.

நான் இங்கே பொதுப் போட்டியில் தேர்வானவன். விண்ணப்பத்தில் சாதிக்கான இடத்தைக் காலியாக விட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலும் மெட்ராஸில் படித்த ஸ்காலர்ஷிப்பும் எனக்கு எப்படிக் கிடைத்தன என்று உங்களுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து நீங்கள் முகவரி எழுதிய கடிதம் வந்தது. ராஜாங்கம் அதை என் மேசைமேல் பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். “உங்க அண்ணன் எழுத்து நல்லா இருக்கு சார்” என்று மட்டும் சொன்னார். இரண்டாவது கடிதம் வந்தபோது, “மேஸ்திரியா? சொல்லவே இல்லையே” என்றார்.

என்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. டைரக்டர் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். “நாற்பது பேர் கையெழுத்தைவிட உங்கள் ஒரு கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். பலன் அடையக் கூடியவரே வேண்டாம் என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேச முடியும்?” என்றார். என் படம், சாதி, ஊர்ப் பெயர் எல்லாவற்றோடும் அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க விரும்புகிறார். தமிழ்ப் பேப்பர்களுக்கு ராஜாங்கம் எழுதித் தருவாராம். கோர்ட்டில் வழக்கு நடப்பதால் இதுதான் சமயம் என்கிறார்கள். தலைவர் பதவிக்கான உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. அதை எனக்குக் காட்டினார்.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மொழி அநேகமாக முடிந்துவிட்டது, அண்ணா. வெளியே அனுப்புவதுதான் பாக்கி.

தம்பி,
அய்யப்பன்


மூங்கில்துறைப்பட்டு
20.1.1991

அன்புள்ள தம்பிக்கு, இங்கே சுகம். பொங்கல் ஆயிற்று. உன் பொங்கல் வாழ்த்தைக் காசியிடம் சொன்னேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் படித்தேன். எழுத்துக் கூட்ட முடியாமல் இல்லை. காசிக்குப் படித்துக் காட்டவில்லை. “சளி புடிச்சிருக்காம்” என்று சொல்லிவிட்டேன். கடிதத்தில் இருப்பதாக நான் சொன்ன முதல் பொய் அது.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் ஆபீஸ் எனக்குத் தெரியாது. பதினொரு வருஷம் உழைத்தது நீ. வெட்டித் தயாராகக் கட்டி வைத்த கரும்பு லாரி ஏறாமல் வயலிலேயே காய்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சுலபமாகப் பேச மாட்டேன்.

இங்கே இருக்கிறதை மட்டும் சொல்கிறேன். செல்வி டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருக்கிறது. நம் ஆட்களுக்கு உள்ள இடத்தில்தான். வந்தால் ஏப்ரலில் கூப்பிடுவார்கள். சாயந்திரம் பால்வாடியில் பேப்பர் படிக்கும்போது செல்வி, ஜெயம்மாள், ரங்கம்மாள் என்று இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். காசியும் இப்போது வருகிறாள். முதல் பக்கம் ஒருவர், ஜில்லாச் செய்தி ஒருவர். டில்லிச் செய்தி என்னுடையது.

அது பேப்பரில் வந்தால் நான்தான் படிக்க வேண்டும். படிப்பேன். நடுவில் விட்டுவிட்டுப் படிக்க எனக்கு இன்னும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
பிச்சைமுத்து


புதுடில்லி
24.2.1991

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். அண்ணியின் மூட்டுக்கு ஜெயசுதா ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். பார்சல் வந்ததும் எழுதவும்.

ஜனவரி 30-ம் தேதி மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தேன். வாயால் சொன்னால் போதும் என்றார் டைரக்டர். எழுத்தில்தான் கொடுத்தேன். நான் எந்த ஹாஸ்டலில் தங்கி, எந்த ஸ்காலர்ஷிப்பில் படித்தேன் என்பதையும் அதில் சேர்த்தேன். மொத்தம் ஆறு வரி. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகலாம் என்றார்.

பதினைந்து நாள் கழித்து ராஜாங்கம் தலைவரானார். என் மொழியை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு மொழி ஒன்றையே எல்லா இடத்துக்கும் கொடுப்பது என்று முடிவு. என் மொழியில் தப்பைக் கண்டுபிடிக்கிற பகுதியை மட்டும் அதற்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்காது. மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு என் மேசையை மாற்றினார்கள். வெளிச்சம் கம்மி, ஆனால் மெஷின் அதேதான். காலை ஒன்பதரைக்குப் போய் உட்காருகிறேன். மாற்றுகிற வேலை பாதி முடிந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் என்னோடு உட்காருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பீகாரிலிருந்து வந்த இளம் விஞ்ஞானி ஒருவர் மட்டும் தினமும் வந்து உட்காருகிறார். அவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இசைவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

கோடை விடுமுறைக்கு மூவரும் வருகிறோம்.

தம்பி,
அய்யப்பன்


மூங்கில்துறைப்பட்டு
12.3.1991

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். தைலம் வந்தது. காசி அதைத் தினமும் தேய்க்கிறாள். வீடு முழுக்க அந்த வாசனைதான்.

வெட்டு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மலை ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். கொளஞ்சியம்மாளுக்குப் பெயர் எழுத வந்துவிட்டது. கூலிப் பட்டியலில் அவளே எழுதினாள். ஒரு வரிக்குள் அடங்காமல் அடுத்தவர் பெயர்மேல் ஏறிவிட்டது. அடுத்தவர் சண்டைக்கு வந்தார்.

ஜனவரியிலிருந்து தினம் டில்லிச் செய்தியைப் படிக்கிறேன். வகுப்பில் சத்தமாகப் படிக்கும் முன்னால், மத்தியானமே டீக்கடையில் ஒரு தடவை தனியாகப் பார்த்துக்கொள்வேன். இத்தனை நாள் அப்படித்தான் பார்த்தேன். போன வாரம் உன் கடிதம் வந்ததிலிருந்து டீக்கடைக்குப் போகவில்லை. அன்றைக்குப் பிரதமர் ராஜினாமா செய்த செய்தி. நேராக வகுப்புக்குப் போய்ப் படித்தேன். எங்கேயும் தடங்கவில்லை. செல்விகூட, “இன்னிக்கு மேஸ்திரி ரேடியோ மாதிரி படிச்சாரு” என்றது.

உன் கடிதம் வந்தபோது காசி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னா எழுதியிருக்காரு?”

“வேல செஞ்சுக்கினு இருக்கானாம்.”

“அதுக்கா இம்மாம் பெரிய கடுதாசி?”

“ஆமா” என்றேன்.

உன் அண்ணன்,
கா. பிச்சைமுத்து